'பொதுமக்கள்' என்று எழுதக் கூடாது: சிங்கப்பூர்ப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு

அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்குப் பயிற்சி என்றால் வழக்கமாக வெண்கல நோய், ஈரப்பதம், கறையான், பூச்சி மருந்து என்றுதான் இருக்கும். பொருளுக்கு வரும் வியாதிகளைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க ஆள் உண்டு. அந்தப் பொருளைப் பார்க்க வருகிற மனிதரைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறோம் என்று கடிதம் வந்தது இந்த முறைதான். சிங்கப்பூரில் ஒரு வாரம். பார்வையாளரை முன்னே வைத்துக் கண்காட்சியைத் திட்டமிடுவது எப்படி என்பது தலைப்பு.

என்னுடையது தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அரசு அருங்காட்சியகம். உள்ளே சில அறைகள், வெளியே தோட்டத்தில் வரிசையாக நடுகற்கள், சண்டையில் இறந்த வீரர்களுக்கு அந்தக் காலத்தில் நட்டவை. பக்கத்துச் சுவர் அரசு மருத்துவமனை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

லிட்டில் இந்தியாவில் விடுதி. தேக்கா உணவங்காடி நிலையத்தில் பிராட்டாவும் (நம் பரோட்டாதான்) தே தாரிக் என்ற ஆற்றிய டீயும். இங்கே வந்தால் ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது. சிராங்கூன் சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காக நின்றார்கள்.

திங்கள்

காலையில் முதல் வேலையாக ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். நீங்கள் அடுத்துச் செய்யப்போகும் கண்காட்சி எதைப் பற்றி, யாருக்கு, அவர் எதை மனத்தில் கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் 'நடுகற்கள்' என்று எழுதினேன். இரண்டாவதில் 'பொதுமக்கள், மாணவர்கள், ஆய்வாளர்கள்'. எங்கள் அலுவலகக் கோப்புகளில் இந்த மூவரும் பிரிந்து வந்து நான் பார்த்ததில்லை.

பயிற்சியாளர் ஒரு சீன அம்மையார், காட்சிக்கூடங்களிலேயே காலத்தைக் கழித்தவர். படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த பினாங்குக்காரர் தாளிலும் யாழ்ப்பாணத்துத் தங்கை தாளிலும் என் தாளிலும் அதே பொதுமக்கள். "இந்த ஆள் எத்தனை மணிக்கு வருவார்? பசியோடு வருவாரா? கூட யார் வருவார்கள்?" என்று கேட்டார். அறையில் சத்தமே இல்லை. அந்தக் கட்டத்தை எல்லோருக்கும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வேறு யாரையாவது எழுதி வாருங்கள் என்றார்.

அப்புறம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றைப் போட்டுக் காட்டினார். கோட்டு போட்ட ஒருவர் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் முழங்காலை மடக்குகிறார், முதுகை வளைக்கிறார், கழுத்தை நீட்டுகிறார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் எடுக்கச் செய்து 1916இல் வெளியிட்டவை. பேழைக்குள் இருப்பதைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்து, பதில் கண்டுபிடிக்க அந்த மனிதர் படும் பாட்டைப் படம் பிடித்தார்கள். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சு பிரபலமானது அந்தக் கட்டுரையிலிருந்துதான். படங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். எங்கள் நாணயப் பேழையின் உயரம் ஞாபகம் வந்தபோது என் சிரிப்பு நின்றது.

இன்னொரு தகவல் எனக்கு உறைத்தது. பெவர்லி செரல் என்ற அமெரிக்கப் பெண்மணி நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் பார்வையாளர்களின் நடமாட்டத்தைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார். கண்காட்சி பெரிதோ சிறிதோ, எதைப் பற்றியதோ, பெரும்பாலானவர்கள் உள்ளே இருந்தது 20 நிமிடத்துக்கும் குறைவு. நாங்கள் ஒரு அறைக்கு எழுதும் வாசகங்களை உரக்கப் படித்தாலே அதற்கு மேல் ஆகும்.

மதியம் ஜான் ஃபால்க் 2009இல் சொன்ன வகைப்பாடு. தெரிந்துகொள்ளும் ஆவலில் வருபவர், பிள்ளைக்காகவோ விருந்தாளிக்காகவோ வருபவர், 'போனோம், பார்த்தோம்' என்று சொல்ல வருபவர், அதே துறையில் ஊறியவர், கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று வருபவர். ஒரே ஆள் ஒருநாள் ஒரு வகை, மறுநாள் வேறு வகை என்பதுதான் இதில் முக்கியம். இன்று தனியாக வந்து நிதானமாகப் பார்ப்பவர், நாளை பேரனோடு வந்தால் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் கேட்பார். வகைப்பாடு என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எங்கள் ஊரில் அடுத்த பஸ் வரும்வரை ஃபேன் காற்றுக்காக வருபவரை எதில் சேர்ப்பது? அமைதி தேடுபவரில்தான் என்றார் அம்மையார், யோசிக்காமல்.

தேநீர் இடைவேளையில் நான் சென்னைக் கதையைச் சொன்னேன். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். கூட்டம் அலைமோதியது. விலங்குகள் பிறகு வேறிடம் போய்விட்டன. சென்னைவாசிகள் விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணா, இதையே உங்கட கண்காட்சிக்குத் தலைப்பா வையுங்கோ" என்றார்.

செவ்வாய்

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் இன்று. 2015 மே மாதம் திறந்தது, நான்கு மாடி. முகப்பு வடநாட்டுப் படிக்கிணற்றை மனத்தில் வைத்துக் கட்டியது. பகலில் வெறும் கண்ணாடிச் சட்டமாகத் தெரியும், இரவில் விளக்குப் போட்டால் உள்ளே இருக்கும் ஓவியம் தெருவுக்குத் தெரியும்.

நாங்கள் பொருள்களைப் பார்க்கப் போகவில்லை, ஆட்களைப் பார்க்கப் போனோம். கையில் கூடத்தின் வரைபடம், பென்சில், நேரம் பார்க்கக் கைப்பேசி. யாராவது ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் போகும் வழியைக் கோடாக இழுத்து, நின்ற இடத்தில் வட்டம் போட வேண்டும். நின்றார் என்று எதைச் சொல்வது என்பதற்கும் விதி உண்டு: இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, கண் பொருள்மேல் இரண்டு மூன்று விநாடியாவது இருக்க வேண்டும். நடந்துகொண்டே தலையைத் திருப்பினால் கணக்கில் வராது. பின்தொடர்வது அவருக்குத் தெரியக் கூடாது, அதே சமயம் கூடத்தில் ஆய்வு நடக்கிறது என்ற அறிவிப்பு வாசலில் இருக்க வேண்டும். துப்பறியும் வேலை மாதிரி இருக்கிறது என்று முதலில் கூச்சமாக இருந்தது, பத்து நிமிடத்தில் போய்விட்டது.

எனக்குக் கிடைத்தவர்கள் ஒரு பாட்டியும் பேரனும். பல பேழைகளைத் தாண்டிப் போனவர்கள் செட்டிநாட்டு வாசல் முன்னால் நின்றுவிட்டார்கள். முத்துப்பட்டினத்திலிருந்து வந்த வாசல், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, 3.4 மீட்டர் உயரம், சுமார் 5000 நுண்ணிய செதுக்கல்கள். பையன் சிற்பங்களை எண்ண ஆரம்பித்தான். அறுபதோ எழுபதோ எண்ணிவிட்டுக் கைவிட்டான். பாட்டி அவனிடம் தமிழில் ஏதோ சொல்ல, அவன் ஆங்கிலத்தில் திரும்பக் கேட்க, பாட்டி கையை அகல விரித்துக் காட்டினார். கதவு திறந்தால் இவ்வளவு பெரிய வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட நான்கு நிமிடம். விளக்கச்சீட்டின் பக்கம் இருவரும் திரும்பவே இல்லை.

மாலையில் எல்லோர் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். வட்டங்கள் எங்கே குவிகின்றன, எங்கே தாள் வெள்ளையாக இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. அம்மையார் கேட்டது வெள்ளை இடத்தைப் பற்றி அல்ல. "அந்தப் பாட்டிக்கு நீங்கள் என்ன உதவி செய்திருக்கலாம்?" என்றார். பாட்டிதான் அங்கே வழிகாட்டி, பேரனுக்குச் சொல்ல அவருக்கு ஒரு வரி எடுத்துக்கொடுத்தால் போதும். நாங்களோ பாட்டியையும் பேரனையும் மறந்துவிட்டு மரத்தின் வகையையும் காலத்தையும் எழுதுகிறோம்.

புதன்

நாள் முழுக்க மழை, நாள் முழுக்க விளக்கச்சீட்டு. ஐம்பது சொல்லுக்குள் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றில் தொடங்க வேண்டும், தெரியாததில் அல்ல.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் கல் அல்ல, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். படம் என் கைப்பேசியில் எப்போதும் இருக்கும். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள். கல்வெட்டு அந்த நாயையும் விடவில்லை: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், வெட்டி வைத்திருக்கிறார்கள்.

என் முதல் வரைவு: 'நடுகல். பல்லவர் காலம், கி.பி. 7ஆம் நூற்றாண்டு. வட்டெழுத்துக் கல்வெட்டுடன்.' துறையில் எவரும் குறை சொல்ல முடியாத வாசகம். அம்மையார் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த நாய்க்குப் பெயர் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "பெயர் தெரிந்துமா எழுதவில்லை?"

இரண்டாம் வரைவு இப்படி ஆனது: 'இந்த நாயின் பெயர் கோவிவன். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் எருமைகளைக் கவர வந்த இரண்டு கள்ளரைக் கடித்தது. அதன் எசமான் சண்டையில் இறந்தான். அவனுக்குக் கல் நட்டவர்கள், நாயின் பெயரையும் மறக்காமல் கல்லில் வெட்டினார்கள்.' பல்லவரைக் கீழே சின்ன எழுத்தில் தள்ளினேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மதியம் வேறொரு தகராறு. இங்கே ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். நான்கையும் ஒரே பலகையில் போட்டால் பொருளைவிடப் பலகை பெரிதாகிவிடும். வடிவமைப்பாளர்கள் ஆங்கிலத்தை வைத்துக் கட்டம் போட்டுவிட்டுத் தமிழை அதற்குள் திணிப்பார்கள். அந்த வரி இடைவெளியில் மேல்வரியின் 'கு', 'மூ' வால்கள் கீழ்வரியின் 'கி', 'தீ' மேல்வளைவுகளை இடிக்கும். 'அருங்காட்சியகத்திலிருந்து' என்ற ஒரு சொல்லே குறுகிய பத்தியில் ஒரு வரியை விழுங்கிவிடும். எங்கள் மேசையில் இருந்த சிங்கப்பூர் அக்கா ஒருவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இப்போது தொண்டூழிய வழிகாட்டியாக இருப்பவர், "முதல்ல தமிழ வச்சுக் கட்டத்தப் போடுங்க, இங்கிலீஷ் அதுக்குள்ள தாராளமா உக்காரும்" என்றார். சோதித்துப் பார்த்தோம். உட்கார்ந்தது.

மழை விட்டதும் எருமைச் சாலையில் ஒரு நடை. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்வெளியும் இருந்ததால் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க மாட்டுக் கொட்டகைகள். இப்போது முருங்கைக்காயும் வாழையிலையும் பூச்சரமும் விற்கிறார்கள்.

வியாழன்

ஆசிய நாகரிக அருங்காட்சியகம், சிங்கப்பூர் ஆற்றங்கரையில். எங்களை அழைத்துப் போனது ஒரே ஒரு கூடத்துக்காக: சீனத்துத் தாங் அரச மரபின் காலத்துக் கப்பல் சரக்கு.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கிடைத்த கப்பல். 9ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து மேற்கே போகும்போது மூழ்கியது. சரக்கில் கிடைத்த ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான தேதி இருக்கிறது. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். 60,000க்கும் மேற்பட்ட பொருள்கள், அதில் பெரும்பகுதி சீனாவின் சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள், கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வடிவம்.

காப்பாட்சியர் கண்ணால் பாருங்கள்: ஒரே மாதிரிக் கிண்ணம் ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்லதாக நான்கைந்தை எடுத்துத் தனித்தனி விளக்கின் கீழ் வைப்போம், மற்றதெல்லாம் சேமிப்பறைக்கு. இங்கே குவியலாகவே காட்டுகிறார்கள். அழகுக்காக அல்ல, இது கடைச் சரக்கு என்று ஒரு வார்த்தை படிக்காமலே புரிவதற்காக. பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். பினாங்குக்காரரின் குடும்பத்துக்கு மொத்த வியாபாரம். அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று, "உடைசல் கணக்கு எவ்ளோ போட்டிருப்பாங்க?" என்றார். அன்றைக்கு நான் கேட்டதில் சிறந்த கேள்வி அதுதான்.

திரும்பி வந்து ஒரு விவாதம். இந்தச் சரக்கை எடுத்தது வணிக நிறுவனம், தொல்லியல் அகழாய்வு முறைப்படி அல்ல என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி 2011இல் அதனாலேயே தள்ளிப்போடப்பட்டது. இதைப் பார்வையாளரிடம் சொல்ல வேண்டுமா? பாதிப் பேர் அது நம் துறைச் சண்டை, அவர்களுக்கு எதற்கு என்றார்கள். நான் சொல்ல வேண்டும் என்ற கட்சி. தமிழ்நாட்டில் கோயிலில் காணாமல் போன சிலை வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி வருகிற செய்தியைப் படிக்காதவர் யார்? 'இது உங்களிடம் எப்படி வந்தது?' என்று டீக்கடையில் கேட்கிறவர் காட்சிக்கூடத்திலும் கேட்பார். பார்வையாளரை மதிப்பது என்றால் அவருக்குச் சுலபமாக்கிக் கொடுப்பது மட்டும்தானா என்ன!

வெள்ளி

சிவப்பு மையால் அடித்த கட்டத்தை நிரப்பும் நாள். யாருக்கு? பள்ளிப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். எங்கள் வாசலில் தினம் நான் பார்ப்பது வேறு ஆட்களை. பக்கத்து மருத்துவமனையில் யாரையோ சேர்த்துவிட்டு, பார்வை நேரம் வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள். கையில் தூக்குவாளி, துணிப்பை. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் உள்ளே வருவார்கள், அப்படியே போய்விடுவார்கள். எங்கள் வருகைப் பதிவேட்டில் அவர்கள் இருந்ததே இல்லை, டிக்கெட் வாங்கவில்லை அல்லவா. அவர்களையே எழுதினேன்.

அம்மையாருக்குப் பிடித்துவிட்டது. அவர்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் போட வைத்தார். நேரம் இருக்கிறது. படிக்கும் மனநிலை இல்லை. கால் வலி இருக்கிறது. எந்த நேரமும் போன் வரலாம், ஆகவே எங்கிருந்தும் சட்டென்று வெளியேற வழி வேண்டும். உட்கார இடம் வேண்டும். திட்டத்தில் காட்சிப்பேழைக்கு முன்பே பெஞ்ச் வந்துவிட்டது.

அப்போதுதான் வழிகாட்டி அக்கா ஒரு போடு போட்டார்: "ஏன் தம்பி, ஆஸ்பத்திரிக்கு வந்து கவலையோட உக்காந்திருக்கவங்களுக்குச் செத்தவன் கல்லையா காட்டப் போறீங்க?"

இத்தனை நாளில் இது எனக்குத் தோன்றவே இல்லை. நடுகல் எனக்குக் கல்வெட்டு, எழுத்தமைதி, காலம். அவர்களுக்கு அது சாவு. கொஞ்ச நேரம் கழித்து, வரிசையை மாற்றினால் என்ன என்று யாழ்ப்பாணத்துத் தங்கை கேட்டார். நாயை முன்னுக்கு வையுங்கோ, ஆடு மாடு உள்ள கல்லுகளை வையுங்கோ, இவையெல்லாம் ஊரைக் காத்தவையின்ர கதை எண்டு தொடங்குங்கோ. சாவை மறைக்கவும் வேண்டாம், வாசலிலேயே நிறுத்தவும் வேண்டாம். அது சரியாகத்தான் பட்டது. அக்கா முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

மாலையில் தாளில் அச்சடித்த மாதிரிப் பலகையைத் தாழ்வாரச் சுவரில் ஒட்டி, போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்டோம். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்கக் கூடாது, மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள். 'இது எதைப் பற்றி என்று உங்கள் நண்பரிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். துப்புரவு வேலை பார்க்கும் ஒரு சீனப் பெரியவர் ஆங்கிலப் பலகையைப் படித்துவிட்டு, நல்ல நாய், கெட்ட சம்பளம் என்றார். செலவே இல்லாத சோதனை. தவறாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டு வேறு ஒட்டலாம், பித்தளையில் வெட்டிய பிறகு முடியாது.

சனி

திட்டங்களை வாசித்தோம், சான்றிதழ், குழுப்படம். என் திட்டத்துக்கு வந்த ஒரே எதிர்ப்பு, பெஞ்ச் அதிகம் என்று.

ஞாயிறு

இரவு விமானம். பகலில் லிட்டில் இந்தியா வேறு ஊராகிவிட்டது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள், தமிழ்நாட்டுக்காரர்களும் வங்காளிகளும், பணம் அனுப்ப, சாமான் வாங்க, ஊர்க்காரரைப் பார்க்க வந்து குவிந்திருந்தார்கள். புல்தரையில் வட்டம் வட்டமாகச் சாப்பாட்டுப் பொட்டலங்கள். தேசிய அருங்காட்சியகங்களிலும் மரபுடைமை நிலையங்களிலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 மே 18 முதல் அனுமதி இலவசம். அந்த இரண்டு பட்டியலிலும் இந்தத் தம்பிகள் இல்லை. பொதுமக்கள் என்று எழுதினால் இவர்களும் அதில் அடங்கிவிட்டதாக நமக்கே தோன்றிவிடும், அதுதான் அந்தச் சொல்லின் வசதி.

என் பையில் அந்தத் தாள் இருந்தது. தேக்கா அருகே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரிடம் காட்டினேன். ஒருவர் சத்தமாகப் படித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். நாய் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார் ஒருவர். தர்மபுரிப் பக்கத்துத் தம்பி படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது வேடியப்பன் கல்லுதான சார்? எங்க காட்டு ஓரத்துல இருக்கு. பொங்க வச்சுக் கும்புடுவோம்" என்றார்.

ஆமாம், அங்கெல்லாம் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகப் பூசையில் இருக்கின்றன. கட்டுரைகளில் படித்திருக்கிறேன், கட்டுரையில் எழுதியும் இருக்கிறேன். பலகையில் போடத் தோன்றவில்லை.

"மியூசியத்துல இருக்குற கல்லுக்குப் பூச உண்டா சார்?"

"இல்லப்பா. அங்க காட்சிக்கு மட்டும்தான்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு எனக்கு யோசனை சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு வரவங்க பாப்பாங்கன்னு சொல்றீங்க. நம்பிக்கை உள்ள சனம் வேண்டிக்காம போகாது சார். செருப்பக் கழட்டி விட எடம் மட்டும் விட்ருங்க."

விமான நிலையத்தில் படிவத்தை எடுத்து, 'தேவையான சாமான்கள்' என்ற இடத்தில் பெஞ்சுக்குக் கீழே செருப்பு ஸ்டாண்டு என்று எழுதினேன். இதை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று எங்கள் கணக்குப் பிரிவு கேட்கும்.